இரும்புப் பெட்டிக்குச் சுறா எண்ணெய்

ஊர்காவற்றுறையில் அக்காவின் கலியாணத்தன்று மாலை நடந்தவை:

1. எண்ணெய் எஞ்சினை ஓட்டி, வீட்டில் முதன்முதலாக மின்விளக்கு ஏற்றினோம்.
2. தென்னோலைக் கிடுகுப் பந்தலை ஒட்டிய சுவரில், பியூஸ் பெட்டி புகைந்தது.
3. நான் ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினேன்.

கொழும்பில் மின்வேலை பயின்றவள் நான். பியூஸுக்கு மரப்பெட்டி வேண்டாமென்று பிடிவாதமாக இரும்புப் பெட்டி வாங்கிப் பொருத்தியிருந்தேன். "உப்புக்காத்துக்கு இரும்பு நிக்காது, பிள்ளை" என்று வள்ளம் வைத்திருக்கும் எங்கள் அண்ணை அப்போதே சொன்னார்.

ஆறியபின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரே கரி, சுறா நாற்றம் வேறு.

"அண்ணை, இதுக்குள்ள என்ன பூசினனீங்கள்?"

"வள்ளத்துக்குப் பூசிற சுறா எண்ணெய்தான். துருப் பிடியாதெல்லே!"

"ஓம், துருப் பிடிக்கேல்லை. நெருப்புத்தான் பிடிச்சது!" என்றாள் கூறைச்சேலையோடு வந்து நின்ற அக்கா. பந்தலே சிரித்தது.

பியூஸ் கம்பி உருகிப் பொறி தெறித்ததில் எண்ணெய் பற்றியிருக்கிறது. மூடியிருந்த இரும்பு தீயை வெளியே விடவில்லை. மரப்பெட்டியென்றால் பந்தல் மிஞ்சியிராது. உட்புறத்தை நன்றாகத் துடைத்து, கருகிய கம்பிகளை மாற்றினேன். அக்காவுக்குத் தாலி ஏறியபோது எல்லா விளக்குகளும் எரிந்தன.

இப்போது பெட்டியின் வெளிப்புறத்துக்கு மட்டும் வர்ணம் பூசுகிறேன். மாதம் ஒருமுறை திறந்து, உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைக்கிறேன். மூடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. அந்தப் பூட்டின் திறப்பு என்னிடம் இருக்கிறது.