பாத்ரூமில் விழுந்தவர்கள்

"...ன்னு இன்னொரு வாட்டி சொன்னே, அண்ணன்னு கூட பாக்க மாட்டேன். டாக்டரம்மா, இவுரு பாத்ரூம்லயும் வுழல, ஒரு மண்ணுலயும் வுழல. எங்க வூட்ல பாத்ரூமே கெடையாதும்மா!"

சொன்னவள் என் மனைவி. சொன்ன இடம் பெரிய அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. அவள் மிரட்டியது கூடப் பிறந்த அண்ணனை. பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் மாவுக்கட்டோடு கிடந்தவன் நான்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக் கூடப் பொய்யில்லை. திருவொற்றியூரில் நாங்கள் அப்போது இருந்தது லைன் வீடு. எட்டு வீட்டுக்குப் பின்பக்கம் ஒரே ஒரு கக்கூஸ். குளிப்பது தண்ணீர் பேரலுக்குப் பக்கத்தில், தகரத் தட்டி மறைவில். ஒருவர் குளிக்கும்போது தட்டிக்கு இந்தப் பக்கம் இன்னொருவர் பாத்திரம் கழுவுவார். வழுக்கினால் விழக்கூட அங்கே இடம் கிடையாது, சுவரில் சாய்ந்துதான் நிற்க முடியும்.

ஆனாலும் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் பாத்ரூமில் விழுந்தவர்கள்தான். கன்டெய்னர் கதவில் கை நசுங்கினவன், எண்ணூர்ப் பக்கம் லாரிக்குத் தார்ப்பாய் கட்டும்போது தலைகீழாக வந்தவன், வெல்டிங் பட்டறையில் காலில் இரும்புத் தகடு இறங்கினவன், எல்லாருடைய ஆஸ்பத்திரிச் சீட்டிலும் ஒரே கதைதான் இருக்கும். தெருமுனை டீக்கடைக்காரர் அடிக்கடி சொல்வார்: "நம்ம ஏரியால ஹார்பரு டேஞ்சர் இல்ல நைனா. பாத்ரூமுதான் டேஞ்சர். கட்டாத பாத்ரூமே இத்தினி பேரை அட்ச்சிக்கீது, கட்டிட்டா இன்னா ஆவறது?"

நான் வேலை பார்த்தது ஒரு கன்டெய்னர் யார்டில். கப்பலில் வந்த பெட்டியைத் திறந்து சரக்கை இறக்கும் வேலை. எங்கள் ஆட்களுக்கு மேஸ்திரி என் மச்சான், அதாவது இந்த அண்ணன்தான். யார்டு வாசலில் பச்சை பெயின்ட் அடித்த ஒரு போர்டு உண்டு. 'விபத்து இல்லாமல் இன்றோடு இத்தனை நாட்கள்' என்று எழுதி, எண்ணை மட்டும் தினமும் காலையில் மாற்றுவார்கள். ஒரு வருஷம் நிறைந்தால் எல்லாருக்கும் பிரியாணியும் ஒரு டிபன் கேரியரும் என்று பேச்சு. மேஸ்திரிகளுக்கு வேறு கணக்கு. யாருடைய ஆளால் அந்த எண் பூஜ்யத்துக்குப் போகிறதோ, அவருக்கு மறுநாள் முதல் வேலை இல்லை, அவருடைய ஆட்களுக்கும் இல்லை.

மச்சானுக்கே இடது கையில் இரண்டு விரல் கிடையாது. முன்பு வேறொரு யார்டில் இரும்புக் கம்பி வடம் இறுகியதில் போனது. அவன் சீட்டிலும் பாத்ரூம்தான். கதவிடுக்கில் மாட்டிக்கொண்டதாம். அன்றிலிருந்து அந்தக் கையை அவன் பேன்ட் பாக்கெட்டை விட்டு வெளியே எடுப்பதில்லை. கல்யாண போட்டோவில் கூட ஒரு கையால்தான் தாலியைத் தொட்டுக்கொண்டு நிற்பான். யாராவது கேட்டால், "உள்ள பத்திரமா கீது வுடு" என்று சிரிப்பான்.

அன்றைக்கு வந்தது காகித உருளைகள். ஒவ்வொன்றும் ஆள் உயரம், ஒரு எருமை மாட்டைவிடக் கனம். படுத்திருக்கும் உருளைக்கு அடியில் மர ஆப்பு செருகியிருக்கும். முறை என்னவென்றால், தூக்கும் வண்டி வந்து பிடித்த பிறகுதான் ஆப்பை உருவ வேண்டும். அவசரம் என்னவென்றால், வண்டி வருவதற்கு முன்பே உருவி வைத்துவிடுவோம். நான் உருவினேன். உருளை உருண்டது. சத்தமே போடாமல் வந்து என் வலது காலை, முழங்காலுக்குக் கீழே, பெட்டியின் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டு நின்றது.

வண்டிக்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் வந்து எடுக்கும் வரை பத்து நிமிஷம் அப்படியே நின்றேன். முகத்துக்கு நேரே வெள்ளை வெளேர் என்று காகிதம். இவ்வளவு வெள்ளையில் ஒரு எழுத்தும் இல்லையே என்று அப்போது தோன்றியது. வலிக்கும்போது மனசு எங்கெங்கேயோ மேயும்.

மச்சான் ஓடி வந்தான். முதலில் என் காலைப் பார்த்தான். அடுத்து வாசல் பக்கம் பார்த்தான். பிறகு என் காதில் சொன்னான்: "மாப்ள, பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன். பத்து வூட்டு அடுப்பு கீதுடா இதுல."

நான் தலையாட்டினேன். இன்றைக்கு வரைக்கும் அந்தத் தலையாட்டல்தான் என் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சின்ன கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். படம் எடுத்தார்கள். எலும்பில் மயிரிழை விரிசல். "எப்பிடி ஆச்சு?" என்றார் டாக்டர். "பாத்ரூம்ல சார்" என்றேன். "வயசாவுதுல்ல, பாத்து நடக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சீட்டில் எழுதினார். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நான் பொய்யைக் காட்டினேன், அவர் பொய்க்கு வைத்தியம் பார்த்தார். பொய் நன்றாகத்தான் குணமானது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். மூன்று மணிக்கு மேல் அது ஆரம்பித்தது.

எங்கள் லைனில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது வலிகளைப் பற்றித்தான் பேச்சு ஓடும். எதிர் வீட்டு மீன்பிடிக்காரர், "கெளுத்தி முள்ளு குத்துனா பெத்த தாயையும் திட்டுவான், படைச்ச கடலையும் திட்டுவான்" என்பார். கடைசி வீட்டு அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கல். "புள்ளை வலின்னா முடிவுல ஒரு புள்ளையாவது கீது. இதுல இன்னா கீது, ஒரு கல்லு! அதுக்குப் பேரா வெக்க முடியும்?" என்பாள். நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன். என் முறை வந்தபோது சொல்வதற்கு எனக்கு ஒரு வாக்கியம் கூடக் கிடைக்கவில்லை.

கொண்டைக்கடலையை டப்பா நிறையப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி வைத்தால் உள்ளே என்ன நடக்கும்? என் கால் கடலை, மாவுக்கட்டு டப்பா. உள்ளே சதை ஊதுகிறது, வெளியே இடமில்லை. வெட்டுக்காயம் வந்து போகும், பல்வலி கூட மூச்சு விட இடம் தரும். இது ஒரு நொடிகூட நகரவில்லை. போட்ட மாத்திரைகள் வலியின் பக்கத்தில் கூடப் போகவில்லை. தலையணையைக் கடித்தேன். பஞ்சு வாய்க்குள் வந்தது. கால் போனால் போகட்டும், யாராவது அறுத்து எடுத்தால் போதும் என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சாயங்காலம் என் மனைவி வேலை முடிந்து வந்தாள். அவள் மார்க்கெட்டில் மீன் அறுப்பவள். யார்டில் நடந்ததை அவளிடம் மட்டும் சொன்னேன். திட்டவில்லை. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால் விரல்களைத் தொட்டாள். "ஐஸ்ல போட்ட மாதிரி கீதே" என்றாள். பிறகு, மீன் வாங்கும்போது செய்வாளே, அதேபோல் கட்டைவிரலைத் தன் பெருவிரலால் அமுக்கிவிட்டு எடுத்தாள். நல்ல மீன் என்றால் அமுக்கின இடம் உடனே எழும்பி வரும். கெட்டுப்போனதில் பள்ளம் அப்படியே நிற்கும். என் விரலில் வெள்ளையாக அவள் கைத்தடம் நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரம் பார்த்தாளோ, நிறம் திரும்பவில்லை.

"யோவ், எந்திரி. இது நாறப் போவுது" என்றாள்.

ஆட்டோவில் ஏற்றினாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் கத்தினேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "பள்ளத்த நான் தோண்டல அண்ணாத்தே" என்றார். அந்த நிலையிலும் அது நல்ல பேச்சு என்று மனசில் ஒரு மூலையில் எடுத்து வைத்துக்கொண்டேன். புத்தி அப்படி.

ஆஸ்பத்திரியின் அந்த அவசரப் பிரிவு அறையில் நடந்ததோடு நிறுத்திக்கொள்ளத்தான் எனக்கு ஆசை. அதனால் பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் காலை இரண்டு பக்கமும் நீளமாகக் கிழித்து, மூடாமல் பல நாள் வைத்திருந்தார்கள். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். தொடைத் தோலை உரித்து ஒட்டினார்கள். கால் தங்கியது, ஆனால் பாதம் மேலே தூக்காது. நடக்கும்போது செருப்பு என்னை விட்டுத் தனியாக நடக்கும். யார்டுக்குப் போய்க் கேட்டதற்கு, அன்று நான் வேலைக்கே வரவில்லை என்று வாசல் நோட்டைக் காட்டினார்கள். என் பெயர் இருந்த வரியில் வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். போர்டில் எண் ஒரு நாளும் குறையவில்லை. பிரியாணி போட்டார்களாம். மச்சானுக்கு மட்டும் எப்படியோ வேலை போயிற்று. அதற்குப் பிறகு அவன் எங்கள் வாசல் மிதித்ததில்லை. தங்கச்சிக்குப் பொங்கல் சீர்கூட வருவதில்லை. நான் இப்போது ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். காகிதம் என்னை விடுவதாக இல்லை.

அந்த அறைக்கு வருகிறேன். எங்களுக்கு முன்பே மச்சான் அங்கே நின்றிருந்தான். யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும். கையில் கிளினிக் சீட்டு, பாக்கெட்டில் இடது கை. டாக்டர் சின்னப் பெண். சீட்டை மேசையில் வைத்துப் படித்தார். வந்து என் கால் கட்டைவிரலைப் பிடித்து, ஒரு பூவைத் தூக்குவதுபோல மேலே தூக்கினார். நான் போட்ட சத்தத்தில் அறையில் இருந்த மற்ற நோயாளிகள் தங்கள் வலியை நிறுத்திக்கொண்டார்கள்.

"இங்க பாருங்க" என்றார் டாக்டர். "வழுக்கி விழுந்தது மட்டும்னா, கட்டைப் பிரிச்சுவிட்டு, காலைல வரைக்கும் பார்த்துக்கிட்டு இருக்கலாம். மேல கனமா எதாச்சும் விழுந்து நசுங்கியிருந்தா இப்பவே காலைக் கிழிச்சுவிடணும். லேட் ஆனா காலே போயிடும். அதனால யோசிச்சு சொல்லுங்க. எதாச்சும் விழுந்துச்சா?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். பத்து அடுப்பு. என் கால், என் வாய், நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மச்சான் மெதுவாகச் சொன்னான்: "பாத்ரூம்லதாம்மா. வழுக்கி..."

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். அண்ணன் என்றும் பார்க்கமாட்டேன் என்றாள். எங்கள் வீட்டில் பாத்ரூமே கிடையாது என்றாள். காகித உருளையையும் பத்து நிமிஷத்தையும் சொன்னாள். டாக்டர் மேசைக்குப் போய்ச் சீட்டை மறுபடி பார்த்தார். "உறுதியா தெரியுமாம்மா? சீட்டுல வேற எழுதியிருக்கே" என்றார்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பி, அவன் பாக்கெட்டுக்குள் கையை விட்டு, அந்த இடது கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவன் விடவில்லை, அவள் இன்னும் பலமாக இழுத்தாள். அந்தக் கையை மேசைக்குக் கொண்டுபோய், பாத்ரூம் என்று எழுதியிருந்த சீட்டின் மேல் வைத்து, மீன் துண்டை விரிப்பதுபோல, மிச்சமிருந்த மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாக விரித்துப் பிடித்தாள்.