மூடி இல்லாத பதினோரு விமானங்கள்

நேற்று சாயங்காலம் சின்ன மருமகள் மாடிப்படியில் உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்று மூக்கை உறிஞ்சினேன். "இன்னா மாமா, ஒங்களுக்கும் ரெண்டு வெரலுக்குப் போட்டு வுடட்டுமா?" என்று கேட்டாள். எழுபது தாண்டியவன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிய பேச்சுதான். ஆனால் நான் உறிஞ்சியது அவள் பாலிஷை இல்லை. வாட்ச்கடை பாயின் கடையில் இருந்த பசை வாசனை அச்சு அசலாக இதேதான். பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டுகிற பசை. இருபத்தைந்து வருஷம் கழித்து மாடிப்படியில் வந்து நிற்கிறது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அந்தக் காலத்தில் கள்ளக்குறிச்சியில் லாரி பெயிண்ட் என்றால் என் ஷெட்தான். ஆத்தூர், சேலம் வண்டிகளெல்லாம் வந்து வரிசையில் நிற்கும். புதுசாகப் பெயிண்ட் அடிக்க எவனாலும் முடியும். என் வித்தை பழசாக அடிப்பது. அடிபட்ட வண்டிக்குப் புதுக் கதவு மாட்டுவார்கள். அது மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும். அந்தக் கதவுக்கு மற்ற பாகத்தின் வயசைக் கொண்டுவருவேன். வெயில் குடித்த நிறம், டிரைவர் முழங்கை தேய்த்த இடம், டீசல் டேங்க் மூடியிலிருந்து கீழே ஒழுகின கறை, எல்லாம் போட்டுக் கொடுப்பேன். ஓனரே எது புதுக் கதவு என்று தேடுவார். தற்பெருமை என்றால் தற்பெருமைதான். மற்றவன் சொல்லட்டும் என்று காத்திருந்தால் யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்த ஷெட்டுக்குத்தான் பாய் வந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஒல்லி, வெள்ளைத் தாடி, எப்போதும் நெற்றியில் தூக்கிவிட்ட பூதக்கண்ணாடி. கர்சீப்பைப் பிரித்து, விரல் நீளத்துக்கு ஓர் இறக்கையை என் முன்னால் வைத்தார்.

"பெயிண்டரே, இதுக்கு ஒரு வெளிர் நீலம் வேணும்."

"இன்னா பாய், பேரப்புள்ள பொம்மையா?"

"பொம்மை இல்லபா. ஹரிக்கேன். சண்டைக்காலத்து பிளேன். நெசத்துல இருக்கற அளவுல நாப்பத்தெட்டுல ஒரு பங்கு."

துபாயில் இருந்த அவர் மச்சான் பெட்டி பெட்டியாக வாங்கி வருவாராம். பெட்டிக்குள் துண்டு துண்டாக விமானம். பெட்டி மேல் படத்தில் இறக்கை வட்டத்துக்கு நடுவே சிவப்புப் பொட்டு இருந்தது. அது தப்பு என்றார் பாய். நம் பக்கம் பறந்த விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டார்களாம். ஜப்பான்காரனுக்குச் சிவப்பு வட்டம். தூரத்தில் பார்த்தவன் குழம்பி நம் ஆளையே சுட்டுவிடுவான். அதனால் கருநீலத்துக்குள் வெளிர் நீலம். அந்த வெளிர் நீலத்தை ஆறு தடவை கலக்க வைத்தார். ஆறாவது தடவைதான் "ம்" என்றார். என் வாழ்க்கையில் என்னை ஆறு தடவை கலக்க வைத்தவன் வேறு எவனும் இல்லை.

அதற்கப்புறம் நானே அவர் கடைக்குப் போக ஆரம்பித்தேன். ரெண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாத கடை. சுவர் நிறையக் கடிகாரம், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும். மேல் பலகையில் விமானங்கள். பதினொன்று. எல்லாம் ஹரிக்கேன், எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர், எல்லாவற்றின் மூக்கும் மேற்கே கல்வராயன் மலையைப் பார்த்து. பஸ் போனால் அதிர்வில் உள்ளங்கை அகலக் காற்றாடிகள் லேசாகத் திரும்பும். பஸ் போகாதபோதும் ஒன்றிரண்டு திரும்பும். நான் அதைப் பார்க்காத மாதிரி டீயைக் குடிப்பேன்.

வேலை என்றால் அது வேலை. மூக்குக்குக் கீழே தூசி வடிகட்டி வைத்திருந்தார். நம் ஊர்ப் புழுதிக்காக அந்தக் காலத்தில் மாட்டினதாம். பின்பக்கம் உடம்பு தகரம் இல்லை, துணி. துணிக்கு உள்ளே ஓடும் கட்டைகளின் மேடு கூடத் தெரியவேண்டும் என்று தேய்ப்பார். ஆன்டெனா கம்பிக்கு அவர் மகள் சீப்பிலிருந்து எடுத்த முடி. "எனக்கு முடி குடுக்கத்தான் அது தலையே வாரிக்குது" என்று அவரே சொல்லுவார். சீட் பெல்ட்டுக்கு சிகரெட் பெட்டி ஈயத்தாள்.

ஒன்று மட்டும் இல்லை. டிரைவர் கண்ணாடிக்கு முன்னால், பெட்ரோல் ஊற்றுகிற இடத்தில், கடுகு அளவுக்கு ஓட்டை. பதினொன்றிலும்.

"இன்னா பாய், டேங்குக்கு மூடியக் காணோம்?"

"செஞ்சி வெச்சிருக்கேன்." ஒரு மாத்திரை டப்பாவை ஆட்டிக் காட்டினார். உள்ளே வாட்ச் திருகாணியை அராவிச் செய்த மூடிகள் கலகலத்தன.

"அப்புறம் ஒட்ட வேண்டியதுதான?"

"ஒட்டலாம்" என்றார். ஒட்டவில்லை. அந்தக் கடையில் எப்போதும் லேசாகப் பெட்ரோல் வாசனை இருந்தது. வாட்ச் சக்கரம் கழுவ அவர் பெட்ரோல் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கழுவியது மண்ணெண்ணெயில் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

பன்னிரண்டாவதை முடித்ததும் என்னிடம் கொண்டுவந்தார். "இது ரொம்பப் புதுசா தெரியுது பெயிண்டரே. ஒரு வருசம் பறந்த மாதிரி பண்ணிக் குடு." என் வித்தைக்கே வந்துவிட்டார். ஒரு வாரம் டைம் கேட்டேன்.

மத்தியான வேளை. கரண்ட் போய் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. ஷெட்டில் நான் மட்டும். டிரைவர் ஏறுகிற இடத்தில் பெயிண்ட்டைத் தேய்த்தேன், புகைக்குழாய்க்குப் பின்னால் கரி போட்டேன். கடைசியில் டேங்க் ஓட்டைக்கு ஒரு கறை. லாரியில் எத்தனை போட்டிருப்பேன்! பிரஷ்ஷை ஓட்டையில் வைத்து நேராகக் கீழே இழுக்கப் போனேன். கை கீழே போகவில்லை. பின்பக்கமாக, கண்ணாடி மேலே ஏறி, வலது பக்கம் விசிறி மாதிரி விரிந்து ஓடியது. நான் இழுக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். விரல்கள் ஜில்லென்று இருந்தன, பெட்ரோல் பட்டுக் காய்கிறபோது இருக்குமே அப்படி. அன்றைக்கு என் ஷெட்டில் பெட்ரோல் ஒரு சொட்டு கிடையாது.

ஆனால் பார்க்க அழகாக இருந்தது. அதனால் விட்டுவிட்டேன். எனக்குப் பாராட்டு கிடைக்கும் என்று நினைத்தேன்.

பாய் வந்தார். பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். அப்படியே பெயிண்ட் டிரம் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒனக்கு யாரு சொன்னது?"

"எது பாய்?"

"லாரியில இது கீழதான ஒழுகும்? இது பின்னால போவுது. மூடி தெறந்துக்கினு பறந்தா, காத்துல இப்டித்தான் போவும். கண்ணாடிய மறைச்சிடும். டிரைவருக்கு ஒண்ணும் தெரியாது." விமானத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "யாருபா சொன்னது?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம் இருக்கிறதே, அங்கே பாயின் அத்தா, அதாவது அப்பா, எடுபிடி வேலை பார்த்தவர். பெட்ரோல் ஊற்றி முடித்ததும் மூடியைத் திருகுவது அவர் வேலை. ஒரு நாள் காலையில் இந்த நம்பர் விமானம் கிளம்பி மலைப் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான், வரவில்லை. மலையில் ஒரு துண்டு கூடக் கிடைக்கவில்லை. அத்தாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரேதான் கேட்டுக்கொண்டார். சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாராம்: "நான் மூடினனா?" கடைசிப் பேச்சும் அதுதானாம்.

"அதான் பெயிண்டரே மூடிய ஒட்டல. எல்லாத்தையும் சரியா பண்ணிட்டா, அவரு மூடினாரா இல்லியான்றதும் தெரிஞ்சுடும்னு நெனச்சேன். இப்ப தெரிஞ்சுபோச்சு. எங்க அத்தாதான் மூடல."

நான் வாயைத் திறந்தால் என் புகழைத் தவிர வேறு வராது. ஊருக்கே தெரியும். அந்த வாயால் அன்றைக்குச் சொன்னேன்:

"யோவ் பாய், எனக்கு ஏரோப்ளேனைப் பத்தி இன்னாயா தெரியும்? பிரஷ்ல கறுப்பு ஜாஸ்தி ஆயிடுச்சி, வழிச்சி வுட்டேன். தப்பு. என் வேலைதான் தப்பு."

"நீ தப்பு பண்றவன் இல்லியே?"

"பண்ணுவன். வெளிய சொல்றதில்ல, அவ்ளோதான். குடு இப்டி."

தின்னர் டப்பாவை எடுத்தேன். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும் என்று எனக்குத் தெரியாதா? லாரி இண்டிகேட்டர் எத்தனையைக் கெடுத்திருக்கிறேன்! துணியை நன்றாக நனைத்துக் கறை மேல் ஒரே அழுத்தாக அழுத்தித் தேய்த்தேன். கறை போயிற்று. கண்ணாடி பால் மாதிரி வெளுத்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூழாகி வழிந்து அந்தக் கடுகு ஓட்டையின் மேல் படிந்தது.

பாய் வாங்கி வெகுநேரம் பார்த்தார். விரல் நுனியால் தடவினார்.

"மூணு மாச வேலையக் கெடுத்துட்டியேபா."

"கெடுத்துட்டேன் பாய்."

"போவுது. மூடிக்கிச்சி." தடவிக்கொண்டே இருந்தார். "நல்லா மூடிக்கிச்சி."

நான் சொன்னதை அவர் நம்பினாரா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் கடைக்குப் போனபோது பதினோரு விமானத்துக்கும் மூடி ஒட்டியிருந்தது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன், பசை வாசனை மட்டும்தான். பெட்ரோல் வாசனை அதற்கப்புறம் அந்தக் கடையில் வந்ததே இல்லை. பதின்மூன்றாவது விமானம் அவர் செய்யவும் இல்லை.

பாய் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு விமானங்களும் போயின என்றார்கள். கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் தொங்குகிறது. ஷெட்டை என் பையன் பார்க்கிறான். கலர் கலக்க மிஷின் வந்துவிட்டது. நம்பரைத் தட்டினால் போதும், ஆறு தடவை எல்லாம் கிடையாது.

அவன் சாப்பிடப் போகிற நேரத்தில் சில நாள் நான் தனியாக உட்கார்ந்து, கையில் கிடைத்த தகரத்தில் பிரஷ்ஷை வைத்துப் பார்க்கிறேன். வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறேன், அது இழுக்கட்டும் என்று. இழுப்பதில்லை. நான் தள்ளுகிற பக்கம்தான் போகிறது.