மொட்டை எழுத்தில் ஒரு பெயர்

குளச்சல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தும் பிழைக்கிறவன் நான். பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு என்னைக் கைவிட்டது. ஆங்கிலம், தட்டச்சு, கம்ப்யூட்டர் எல்லாம் கடைக்கு வருகிறவர்களின் தாள்களிலிருந்து நானாகப் பொறுக்கிக்கொண்டவை. கூடவே அவர்கள் பேச்சையும் பொறுக்கிவைத்திருக்கிறேன். அதற்கு ஜெராக்ஸ் எடுக்க வழியில்லை என்பதுதான் குறை.

கடையில் எனக்குப் பெரிய தலைவலி அரபிப் பெயர்கள். நபியின் பெயரை முன்னால் வைக்காத வீடு கடைக்குப் பின்னாலுள்ள முஸ்லிம் தெருவில் குறைவு. அதை ஆங்கிலத்தில் எழுத வாப்பாவுக்கு ஒரு வழி, மகனுக்கு ஒரு வழி, ரேஷன் கார்டுக்கு மூன்றாவது வழி. பாஸ்போர்ட்டுக்கு வந்த ஒருவரிடம், "ஒங்க பேர்ல ஒரு ‘ஐ’ போடணுமா, ரெண்டு ‘ஈ’ போடணுமா?" என்று கேட்டேன். "எப்படி எழுதினாலும் நான்தானே வரப்போறேன்? சின்னதா எழுதுங்கோ அண்ணே" என்றார். ‘ஐ’ போட்டேன். நபி பெயருக்குப் பின்னால் அவர் பெயர் ஐந்து எழுத்தில் முடிந்தது. அந்தப் பாஸ்போர்ட்டோடு ஓர் அரபு நாட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போனார்.

போன வருஷம் ஒருநாள் அவர் இருந்த அதே நகரத்தில் ஓர் அரசியல் தலைவரைக் காரோடு சுட்டுக் கொன்றார்கள். அந்தக் காரின் டிரைவரும் கூட இருந்த மூன்று பேரும் இறந்துவிட்டார்கள். அரசாங்கம் எதிராளிகள் மேல் பழி சொன்னது. எதிராளிகள் அரசாங்கத்தின் மேல் சொன்னார்கள். இரு தரப்பிலும் சிலர் பக்கத்து நாட்டைக் கைகாட்டினார்கள். நகரத்தில் போனையும் நெட்டையும் துண்டித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து டீக்கடையில் பாதிப் பேர் அந்தப் பக்கம் வேலை பார்த்துத் திரும்பியவர்கள். கேட்க வேண்டுமா?

"லேய், அது கவர்மெண்டு செஞ்ச வேலையாக்கும். அந்த ரோட்டுல நான் எட்டு வருஷம் வண்டி ஓட்டினவன்."

"நீ ஓட்டினது தண்ணி வண்டி. தண்ணி வண்டிக்காரனுக்கு அரசியலு என்ன தெரியும்?"

"தண்ணி எல்லா வீட்டுக்கும் போவும் மக்கா. நீ தொப்பிக் கடையில இருந்தவன், தலையை மட்டும்தான் பாத்திருப்பே."

நானும் சிரித்துக்கொண்டு கேட்டபடி இருந்தேன். அப்போதுதான் நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்த டிரைவரின் மனைவி கடைக்குள் வந்தாள். முக்காடு பாதி நழுவியிருந்தது. வழக்கமாக, "அண்ணே, தொழில் எப்படி?" என்றுதான் நுழைவாள். அன்று ஒன்றும் கேட்கவில்லை. செல்போனை மேசைமேல் வைத்தாள்.

டி.வி. செய்தியை யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். இறந்த டிரைவர் வெளிநாட்டவர் என்று போட்டு, கீழே தமிழில் பெயர். நபி பெயர் முன்னால், அதன் பின்னால் அவள் கணவரின் பெயர். அச்சு அசல்.

"நேத்து சாயங்காலம் வந்தது. மாமி அப்பவே விழுந்துட்டா. வீட்டுல ஆளுவ வரத் தொடங்கியாச்சி. இத்தாவுக்குப் பாயும் விரிச்சாச்சி" என்றாள்.

கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் வழக்கம்தான் இத்தா.

"அதுல ஒருக்கா இருந்துட்டா பொறவு நான் வெளியில வந்து ஆருட்டயும் கேக்க முடியாதில்லியா? அதான் பொறவாசல் வழியா வந்துட்டேன். நீங்க பாத்துச் சொல்லுங்கோ."

டீக்கடையில் இருந்தவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். தண்ணி வண்டிக்காரர் மெதுவாக, "அழாத மக்கா, இது அந்தக் கவர்மெண்டு செஞ்ச..." என்று தொடங்கினார்.

"காக்கா, ஆரு கொன்னதுன்னு நீங்க பொறவு பேசுங்கோ. செத்தது ஆருன்னு முதல்ல ஒருத்தராவது சொல்லுங்கோ!"

அவர்கள் வழக்கில் காக்கா என்றால் அண்ணன். அந்தக் காக்கா ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

நான் ஆங்கிலப் பத்திரிகைகளைத் தேடினேன். ஒன்றில் இரண்டு ‘ஈ’ போட்டிருந்தது. இன்னொன்றில் ஒரே ‘ஈ’. மூன்றாவதில் ஒரு ‘ஐ’, நான் பாஸ்போர்ட்டில் அடித்த அதே ஐந்து எழுத்து. அந்தப் பக்கத்தைச் சட்டென்று மூடினேன். அவளிடம் சொல்லவில்லை.

பிறகு ஒரு பத்திரிகையில் அந்த நகரத்து ஆஸ்பத்திரி ஒட்டிய இறந்தவர் பட்டியலின் படம் கிடைத்தது. முழுவதும் அரபி. மொழிபெயர்க்கும் ஆப்பில் கொடுத்தேன். அதுவும் அழகாக அதே ஐந்து எழுத்தைத் துப்பியது. சரி, முடிந்தது என்றுதான் நினைத்தேன். எந்த வார்த்தையால் சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போது, அவள் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"இது ஓதுற எழுத்தில்லியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடவே தயங்குகிறவள், சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதுகிறவள். அர்த்தம் தெரியாது; எழுத்து ஒவ்வொன்றும் தெரியும்.

"மொட்டையா இருக்கே அண்ணே. மேலயும் கீழயும் கோடு ஒண்ணும் போடல்ல. நாங்க ஓதுற கிதாபுல எல்லாம் போட்டிருக்கும்" என்று விரலை வைத்துக் கூட்டிப் படித்தாள். நபி பெயரைத் தாண்டினாள். அடுத்த பெயரின் முதல் எழுத்தைச் சொன்னாள். விரல் நின்றது.

"இங்க ஒரு அலிபு நிக்கு."

"நின்னா?"

"நின்னா முதல் எழுத்தை நீட்டணும். இவரு பேருல ரெண்டாவது எழுத்துதான் நீளும். கடைசி எழுத்து மீமுக்கு முன்னால யேங்கிற எழுத்து வரும், அடியில ரெண்டு புள்ளி." சட்டென்று போனைப் பிடுங்கினாள். கணவர் அனுப்பியிருந்த வேலை அட்டையின் படத்தை எடுத்துத் கம்ப்யூட்டர் திரையோடு ஒட்டிப் பிடித்தாள். "பாருங்கோ. இதுல அலிபு இல்ல. அதுல புள்ளி இல்ல. பாருங்கோண்ணே!"

எனக்கே தெரிந்தது. பட்டியலில் குச்சி மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு, அதுதான் அலிபு; அட்டையில் அது இல்லை, அடியில் இரண்டு புள்ளி. ‘படம்’, ‘பாடம்’ இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே எழுத்துத்தானே வருகிறது? அரபியில் வேறு வேறாக இருந்த இரண்டு ஆட்கள் ஆங்கிலத்துக்குள் நுழைந்து ஒருவராகிவிட்டார்கள். டி.வி.க்காரர் அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கும்போது தமக்குப் பழகிய பெயரைப் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் இறந்தவரின் அட்டையைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். அந்த அட்டையில் இருந்தால்தானே அலிபு வரும்?

"ஒறப்பாட்டு சொல்லுதியா மக்களே?" என்றேன்.

"ஒரு எழுத்தை மாத்தி ஓதினா ஓதிக் குடுத்த எங்க உஸ்தாது தோலை உரிச்சிருவாரு" என்றாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள். "போய் அந்தப் பாயைச் சுருட்டணும்."

சுருட்டினாளாம். வந்திருந்த சொந்தக்காரிகள், "எழுத்தைப் பாத்து மையத்து ஆருன்னு முடிவு பண்ணுத பொம்பளையைப் பாத்திருக்கியா?" என்று முனகினார்களாம். இறந்தவர் உடலைத்தான் மையத்து என்பார்கள். அந்த முனகல் அவளுக்குள்ளேயும் கொஞ்சம் புகுந்திருக்க வேண்டும். மறுநாள் நாலு மணி வாக்கில், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம், அங்கே நெட் வந்துவிட்டதா என்று கேட்கக் கடைக்கு வந்தவள், ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டேயிருந்தாள். அப்போது அவள் கையிலேயே போன் அடித்தது. பதறி எங்கோ அமுக்கியதில் ஸ்பீக்கரில் விழுந்தது.

"ஏட்டி, போனைத் தொறந்தா நூறு மிஸ்டு கால் கெடக்கு. என்ன, அடுப்புல கேஸ் தீந்துட்டா?"

அவள் உட்கார்ந்தாள். "ஒண்ணும் இல்ல. ஒங்க பேருல ஒரு அலிபு கூடிப்போச்சி" என்றாள்.

"என்னது?"

"வந்தா சொல்லுதேன். சாப்பிட்டியளா?"

முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள். போனை நான் வாங்கிக்கொண்டேன். சத்தம் கேட்டு வந்த தண்ணி வண்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவன்ட்ட கேளுங்கோ, ஆரு கொன்னதுன்னு" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, "அதெல்லாம் போன்ல பேசப்படாது காக்கா" என்று தாழ்ந்த குரலில் வந்தது.

அன்று கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ என் செலவு.

கொலை யார் செய்தது என்று இன்றுவரை முடிவாகவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குள் டீக்கடையில் புதுக் கதை வந்திருந்தது: செத்த டிரைவர்தான் உள்ளிருந்து தகவல் கொடுத்தவன் என்று ஒரு கட்சி, பாவம் வழியில் மாட்டியவன் என்று ஒரு கட்சி. அந்த வழியாகப் போன அவள் நின்று கேட்டாள். செத்த டிரைவருக்காக அன்று காலையில், குர்ஆனில் இறந்தவர்களுக்கு ஓதும் யாசீன் ஒன்று ஓதியதாக என்னிடம் சொன்னாள்.

"ஆளு எப்படிப்பட்டவன்னு தெரியாமலா ஓதினே?" என்று தொப்பிக் கடைக்காரர் கேட்டார்.

"எப்படிப்பட்ட ஆளா வேணா இருக்கட்டும் காக்கா. ஒரு நாளு முழுக்க அவருக்க மையத்து எனக்க வீட்டுலதானே கெடந்தது" என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போனாள்.