பள்ளத்தில் நின்ற கித்துள்

எங்கள் வளவின் பின்வேலியைத் தாண்டிச் சரிவில் இறங்கினால் முதலில் குளிர்வது காதுகளின் பின்புறம்தான். அதன் பிறகே ஈரமண்ணின் மணம் வரும், அதற்கும் பிறகே ஊற்று கசிகிற மெல்லிய சத்தம் கேட்கும். எங்கள் ஊரான கப்பல்துறையில் கண்டி வீதியின் தார் வெயிலில் இளகிக் கிடக்கிற பகல்களிலும் அந்தப் பள்ளத்துக்குள் மட்டும் வேறொரு நாட்டின் காற்று இருந்தது. அங்கேதான் பாக்கியம் அக்காவின் கித்துள் மரம் நின்றது.

பாக்கியம் அக்கா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். அங்கே நடந்த கலவரத்தில் லயம் என்கிற வரிசை வீடு எரிந்துபோக, கணவரோடு எங்கள் ஊருக்கு வந்து குடியேறினார். வந்த இரண்டாம் வருடமே கணவர் காய்ச்சலில் இறந்துவிட்டார். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த மூன்று கித்துள் கன்றுகளில் இரண்டு பட்டுப்போயின. ஊற்றோரம் வைத்த மூன்றாவது மட்டும் பிடித்துக்கொண்டது. அது என்னைவிட இரண்டு வயது இளையது. பனையும் தென்னையும் ஈச்சம்பற்றையுமே கண்டு வளர்ந்த பிள்ளைகளான நாங்கள் அதை “மீன்வால் பனை” என்றோம். அதன் ஒவ்வொரு இலையும் நுனி கிழிந்து மீனின் வாலைப் போலவே இருக்கும்.

தம்பலகாமத்து வயல்களில் உழவு இயந்திரம் ஓட்டிய என் அப்பாவுக்கு அந்த மரத்தில் நம்பிக்கை இருக்கவில்லை. “உது குளிர் நாட்டு மரம், பாக்கியம். எங்கட வெக்கைக்கு நிண்டுபிடிக்காது” என்று அவர் சொல்லும்போதெல்லாம் அக்காவும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: “மரத்துக்கு ஊரு பேரு தெரியுமாண்ணே? காலு ஈரமா இருந்தா நிக்கும்.”

எனக்குப் பதினொரு வயதான வருடம் ஐப்பசியில் வரவேண்டிய மாரி மழை கார்த்திகை முடிந்தும் வரவில்லை. அந்த மாதங்களிலேதான், போராளிகள் காட்டுக்குள் பதுங்கியிருந்து தாக்குகிறார்கள் என்று இராணுவம் வீதியின் இருபுறமும் காட்டை வெட்டியது. பாலை மரங்களும் வீரை மரங்களும் விழுந்தபின் பள்ளத்துக்குள் வெயில் நேராக இறங்கியது. ஊற்று முதலில் சத்தத்தை இழந்தது, பிறகு ஈரத்தை. கித்துளின் ஓலை நுனிகள் தீய்ந்து மண்ணிறமாகின.

கிணற்றில் வாளி தரை தட்டிய அந்த நாட்களில் அக்கா அரிசி கழுவிய தண்ணீரையும் முகம் கழுவிய தண்ணீரையும் சேர்த்துவைத்து மரத்துக்குச் சுமந்தார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “மனிசருக்கே குடிக்கத் தண்ணியில்லை, மரத்துக்கு ஊத்துறாவாம்” என்று குசினிக்குள் நின்று முணுமுணுப்பார். நானோ அம்மா காணாமல் எங்கள் வாளியிலிருந்தும் ஒரு செம்பு அள்ளிக்கொண்டு அக்காவின் பின்னால் ஓடுவேன். அந்த மரம் பட்டுப்போனால் அக்காவும் ஊரை விட்டுப் போய்விடுவார் என்ற பயம் எப்படியோ எனக்குள் புகுந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதும் அதன் குருத்து காய்ந்திருக்குமோ என்று கால் தரையில் நில்லாது.

ஒருநாள் பின்னேரம் நாங்கள் இருவரும் சரிவில் இறங்கியபோது வீதிக் காவலரணிலிருந்து யாரோ அதட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் துவக்கை நீட்டியபடி ஒரு சிப்பாய் வெட்டவெளியில் வந்துகொண்டிருந்தான். என் கையிலிருந்த செம்பு விழுந்து தண்ணீர் முழுவதும் மண்ணில் போனது. அக்கா அசையாமல் நின்று சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதில் கித்துள் என்ற சொல் மட்டுமே எனக்கு விளங்கியது. சிப்பாய் மரத்தை அண்ணாந்து பார்த்தான். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கிட்ட வந்து அதன் அடியில் உள்ளங்கையை வைத்தான். மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம். இரண்டு மூன்று வசனம் பேசிவிட்டு, நாலு மணிக்குப் பிறகு இந்தப் பக்கம் வரவேண்டாமென்று கையால் காட்டிப் போனான்.

“என்னக்கா சொன்னவன்?”

“அவுங்க அப்பா கித்துல் பாளை சீவிப் பாணி எடுக்குறவராம். இந்தச் சூட்டுல இது பொழைக்காதாம். அடியில தேங்கா மட்டைய நெறைய அடுக்கச் சொன்னான்.”

அடுக்கினோம். அடுத்த மாசியில் மரத்தின் உச்சியில் ஒரு பாளை வெடித்து, சடைசடையாகப் பூ தொங்கியது. நான் துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். அக்கா வந்து பார்த்ததும் அப்படியே மண்ணில் குந்திவிட்டார். கித்துள் மேலிருந்து கீழாகப் பூத்துக்கொண்டு வந்து, கடைசிப் பாளையோடு செத்துப்போகும் மரம் என்பதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். “இன்னும் அஞ்சாறு வருசம் கழிச்சுப் பூக்க வேண்டியது. இனி நிக்க முடியாதுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

அடுத்த கிழமையே சண்டை எங்கள் பக்கம் வந்தது. கிடைத்ததை எடுத்துக்கொண்டு அன்புவழிபுரத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு ஓடினோம். அக்காவும் எங்களோடு வந்து பின்பக்கக் கொட்டிலில் தங்கினார். அங்கே இருந்த இரண்டு வருடமும் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அப்பா படலைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேயிருப்பார். ஒரு தூறல் விழுந்தாலும் அக்கா வெளியே வந்து, “கப்பல்துறையிலயும் பெய்யுமா அண்ணே?” என்று கேட்பார். இரண்டு தடவை தனியாகப் புறப்பட்டுப் போய்ச் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டு வந்தார். “உயிரை விட மரம் பெரிசே உனக்கு?” என்று அப்பா கோபித்தார். அன்றிரவு கொட்டிலுக்குள் அக்கா அழுவது எனக்குக் கேட்டது.

நாங்கள் திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அக்கா தன் குடிசையைக்கூடப் பார்க்காமல் பள்ளத்துக்கு ஓடினார். மரம் நின்றது, ஆனால் ஓலைகள் காய்ந்து தொங்கின, உச்சிக் குலையில் மட்டும் சிவந்த காய்கள். அப்பாதான் ஏணி வைத்து ஏறி அதை வெட்டி இறக்கினார். அக்கா கையில் சீலைத்துண்டைச் சுற்றிக்கொண்டு கொட்டைகளைப் பிரித்தார். “தொடாத பாப்பா, அரிக்கும்” என்றதைக் கேளாமல் நானும் கை வைத்தேன். இரண்டு நாள் விரலெல்லாம் தீயாய் எரிந்தது.

அந்தக் கொட்டைகளில் ஒன்றையாவது ஊற்றடியில் ஊன்றுவார் என்று காத்திருந்தேன். அக்கா காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார்; புழுதி பறந்தது. மறுநாள் கொட்டைகளை ஒரு பால்மா டின்னில் போட்டுக்கொண்டு, மலையில் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லி அப்பாவைக் கும்பிட்டார். நான் அறைக்குள் இருந்தேன், வெளியே வரவில்லை. எங்களை விட்டுப் போகிறார் என்ற கோபம் ஆற எனக்குப் பல வருடங்கள் எடுத்தது.

இப்போது அந்தப் பள்ளம் வெறும் குழி. மாரி மழையை நம்பி விதைப்புக்கு நாள் பார்க்க ஏலாது; வந்தால் பத்து நாள் மழை இரண்டு நாளில் கொட்டி, மண் குடிக்குமுன் கடலுக்கு ஓடிவிடுகிறது. ஊரில் எஞ்சிய தென்னைகளின் குலைகளும் சிறுத்துப்போயின. காதுக்குப் பின்னால் குளிர்ந்த அந்த இடம் எங்கே இருந்ததென்று என் பிள்ளைகளுக்குக் காட்டப் போய், நானே தடுமாறி நின்றேன்.

போன சித்திரையில் பாக்கியம் அக்காவைத் தேடிப்போனேன். முடி முழுவதும் நரைத்து, மலையுச்சிக்குக் கிட்ட ஒரு லயத்தில் தம்பி மகனோடு இருக்கிறார். லயத்தின் பின்னால் ஒரு கித்துள் நின்றது.

“இவ்வளவு கடுங்குளிருக்குள்ள உது எப்பிடியக்கா வந்தது?”

“அந்தக் கொட்டைங்கள நட்டப்ப எல்லாருமே சிரிச்சாங்க. இந்த உசரத்துல கித்துல் வந்ததே இல்ல. பனிக்கு மத்த கன்னெல்லாம் கருகிருச்சு. இது ஒண்ணு சாக்குப் போத்தியே வருசக்கணக்கா முழங்கால் உசரத்துல நின்னுச்சு. அப்புறம் குளிரு கொறைய ஆரம்பிச்சுச்சு பாப்பா. தானா வளந்துருச்சு. கீழ நான் பொறந்த தோட்டத்துல இருந்ததெல்லாம் இப்ப காயுதாம்.”

“இன்னும் வெக்கை கூடினால்?”

“இன்னும் மேல போகணும்.”

நான் மேலே பார்த்தேன். லயத்துக்கு மேலே நாலு நிரை தேயிலை, அதற்கு மேலே ஒரு பாறை, அதற்கு மேலே வானம். அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, தேத்தண்ணி வைக்கிறேன் என்று உள்ளே போனார்.