பதினைந்தாம் நம்பர் கடிதம்

பிள்ளைகளா, நீங்கள் இருவரும் போனில் கோபித்துக்கொண்டு மெசேஜ் அனுப்புவதும், அடுத்த நிமிஷமே அதை அழித்துவிடுவதுமாக இருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அப்படி அழிக்க முடியாமல் நான் தவித்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

1994, மாசி மாதம் இருக்கும். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் டென்டிங் வேலை, நசுங்கிய கார்த் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற வேலை, பார்த்தேன். பெரியவனுக்கு நாலு வயது, சின்னவள் பிறக்கவில்லை. ஊரில் நம் தெருவில் யார் வீட்டிலும் போன் கிடையாது. கடிதம்தான். போய்ச் சேர இருபது நாள் ஆகும். சில சமயம் பின்னால் போட்டது முந்திக்கொண்டு வந்துவிடும். அதனால் நானும் உங்கள் அம்மாவும் உறையின் மூலையில் நம்பர் போடுவோம்.

அந்த முறை இரண்டு மாதமாக அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. முதலில் பயந்தேன். பிறகு பயம் கோபமாகிவிட்டது. வியாழக்கிழமை அரைநாள் டூட்டி. மத்தியானம் ரூமில் உட்கார்ந்து, 'இனி நீ எழுத வேண்டாம், நானும் எழுத மாட்டேன்' என்று ஆரம்பித்து, இப்போது உங்களிடம் சொல்லக் கூசுகிற இரண்டு வார்த்தைகளையும் சேர்த்து எழுதினேன். பதினைந்து என்று நம்பர் போட்டேன். நாக்கால் ஈரம் தொட்டு ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால், ரூமில் என்னோடு தங்கியிருந்த புதுக்கோட்டைக்காரர் என் கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க பங்காளி. நாலு லெட்டர் ஒண்ணா வந்திருக்கு. பக்கத்துக் கம்பெனி போஸ்ட் பாக்ஸ்ல மாறிப் போயி ரெண்டு மாசமாத் தூங்குச்சாம். பார்ட்டி வைக்கணும் நீங்க."

நம்பர் வரிசையில் அடுக்கிப் படித்தேன். முதல் கடிதத்தில் பெரியவனுக்குக் காய்ச்சல். இரண்டாவதில் அவன் கஞ்சி குடித்தான். மூன்றாவதில் அவன் பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து, இந்த அளவுக்குச் செருப்பு வாங்குங்கள் என்று எழுதியிருந்தாள். நான்காவதில், ஏன் பதில் இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று மூன்று இடத்தில் கேட்டிருந்தாள். கட்டிலை விட்டு இறங்காமலே அரைமணி நேரத்தில் இரண்டு மாதம் என்னைக் கடந்து போயிற்று. என் பிள்ளை படுத்தான், தேறினான், வளர்ந்தான். வெளியே கடல் பக்கத்திலிருந்து மூடுபனி வந்து எதிர் கராஜைக்கூட மறைத்திருந்தது. எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே ஒரு நிமிஷம் விளங்கவில்லை.

அப்புறம்தான் தபால்பெட்டி ஞாபகம் வந்தது. ஓடினேன். தபால் வேன் நின்றிருந்தது. டிரைவர் வயதான பட்டாணியர், பெட்டியைத் திறந்து பையில் கொட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்சினேன்.

"மாஃபி, முடியாது பாய். உள்ள விழுந்துட்டா கலாஸ், முடிஞ்சுது" என்றார். "இப்ப அது உன்னோடது இல்ல. யார் பேர் போட்டிருக்கோ அவங்களோடது."

"என் பொண்டாட்டி பேர்தான் பாய்."

"அப்ப அவ வந்து கேட்கட்டும், தர்றேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோபத்துல எழுதினியா?" என்றார்.

தலையாட்டினேன்.

"நான் தொழுதுட்டு வர்றேன். அதுக்குள்ள இன்னொண்ணு எழுது. யல்லா, சீக்கிரம்."

வேன் ஓரமாகப் பாயை விரித்தார். நான் பக்கத்துக் கடையில் தாளும் உறையும் வாங்கி, வேனின் பானெட்டில் வைத்து எழுதினேன். 'பதினைந்தாம் நம்பரைப் பிரிக்காதே. உன் நாலு கடிதமும் இன்றுதான் கிடைத்தன. தப்பு என்னுடையது.' பதினாறு என்று போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பையில் போட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தான் போகும், போ" என்றார். வேன் பனிக்குள் போய் மறைந்துவிட்டது.

அதன்பின் பல நாள், தகரத்தைத் தட்டிக்கொண்டே அந்த இரண்டு உறைகளோடு போய்க்கொண்டிருந்தேன். இப்போது விமானத்தில், இப்போது ரயில் பெட்டியில், இப்போது நம் தபால்காரர் சைக்கிளில். எது முன்னால், எது பின்னால் என்பது மட்டும் தெரியவில்லை. அம்மாவின் அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஊருக்குப் போன ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய செருப்பு சரியாக இருந்ததாம்.

மறு வருஷம் லீவில் வந்தபோது கேட்டேன். பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள்: "பிரிக்காதேன்னு எழுதியிருந்தீங்கள்ல. அப்படியே கெடக்கு."

எனக்கு மூச்சு வந்தது.

நாலைந்து நாள் கழித்து, அவள் உங்கள் மாமா வீட்டுக்குப் போயிருந்த நேரம், ரேஷன் கார்டைத் தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் கடிதங்கள் நம்பர் வரிசையில் கட்டியிருந்தன. பதினைந்தை எடுத்தேன். ஒட்டித்தான் இருந்தது. ஆனால் மூடியின் விளிம்பில், காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்ட ஒரு சோற்றுப் பருக்கை.

பதினைந்துதான் முந்தி வந்திருக்கிறது. படித்திருக்கிறாள். பதினாறு வந்த பிறகு, நான் சொன்னபடி இருக்கட்டும் என்று மூடி ஒட்டிவிட்டாள். நடுவில் எத்தனை நாள், அந்த நாட்களை எப்படிக் கழித்தாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. என்னை அத்தனை பெரிதாக மன்னித்தவர் வேறு யாருமில்லை. அதையும் எனக்குத் தெரியாமல் செய்தாள்.

ஒரு ஓரத்தில் உறையின் ஒட்டு லேசாக விட்டிருந்தது. அடுப்படிக்குப் போய்ப் பானையிலிருந்து ஒரு பருக்கை எடுத்து வந்து, அந்த இடத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.