சாணி தின்ற சேம்பு

பக்கத்து மாடியில் யாரோ ரோஜாத் தொட்டிக்குச் சாணி கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்துகிறார்கள், நான் திறக்கிறேன். அந்த வாடைக்குள்ளிருந்து ஓர் இலை விரிகிறது. யானைக் காது அளவு, பச்சைப் பசேலென்று, வெட்கமே இல்லாமல்.

பச்சையாக இருக்கக் கூடாத இலை அது.

ஐம்பதுகளில் வடகரப்பதிக்கு நான் மருமகளாகப் போன புதிது. எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டு அக்காதான் எனக்கு அங்கே கிடைத்த ஒரே சிநேகிதி. அவருடைய தம்பி சின்னக்கானல் எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்த வண்ணச் சேம்பு, கடை வாசலில் எண்ணெய் டின்னில் நின்றது. வெற்றிலை போட்ட வாயின் சிவப்பு. மேலே சுண்ணாம்பு சிதறிய புள்ளிகள். ஓர் இலை போல இன்னொன்று இராது. போகிற காற்றெல்லாம் அதனிடம் நின்று பேசிவிட்டுத்தான் போகும்.

கடையைக் கொல்லங்கோட்டுக்கு மாற்றப் போகிறார்கள் என்றானதும், அதன் குட்டிக் கிழங்கு ஒன்றை என் கையில் வைத்தார் அக்கா. "நான் போனாலும் இது உங்கூட இருக்கட்டும் தங்கச்சி."

கிணற்றடியில் நட்டேன். மாமியார் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"திங்காத சேம்புக்கு இத்தன நல்ல எடமா? ஆடி பொறக்கறதுக்குள்ள செவக்காட்டி, புடுங்கி வீசிட்டுக் கறிச் சேம்பு வெப்பேன், பாத்துக்க."

"செவக்குமுங்கத்தை."

செடி வளர்ந்தது. வளர்ந்தது என்றா சொல்வது? கொழுத்தது. மலைக் கணவாய் வழியே வரும் காற்றில் காதுகளை ஆட்டிக்கொண்டு நின்றது. சிவப்பு மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

"உன்ற சிநேகிதி கறிச் சேம்பத்தான் குடுத்துப்போட்டா" என்றார் மாமியார். நான் நம்பவில்லை. ஆனாலும் கடைப் பக்கம் போகக் கால் வரவில்லை. போய் என்ன கேட்பது?

ஆளைக் காணோமே என்று அக்காவே வந்துவிட்டார். செடியைப் பார்த்தார். மண்ணை விரலால் கிளறி முகர்ந்தார்.

"ஏந் தங்கச்சி, எத்தன கூடை சாணி போட்டே?"

"ஒரே கூடைதானுங்கக்கா."

என் கணவர் தொண்டையைச் செருமினார். "நானும் ஒரு கூடை… வண்டியில மிச்சம் இருந்துதுன்னு…"

எல்லோரும் மாமியாரைப் பார்த்தோம்.

"என்னைய ஏன் பாக்கறீங்க? புள்ள ஆசையா வெச்சுது, செவக்காமப் போனா மூஞ்சி வாடிருமேன்னு வெடிகாலைல கரைச்சு ஊத்துனேன். தெனமும்தான் ஊத்துனேன். அது ஒரு குத்தமா?"

அக்கா சிரித்த சிரிப்பில் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "வயிறு ரொம்பினா இது பச்சையாயிரும் பெரியம்மா. கொஞ்சம் பட்டினி போடோணும்."

பட்டினி! பண்ணையம் பார்க்கிற வீட்டில் வந்து ஒரு செடி கேட்கிற வரமா இது?

அன்றே கிழங்கைத் தோண்டி, கழுவி, மணல் கலந்த மண்ணில், ஓட்டை டின்னில் வைத்துக் கொடுத்தார். ஆடி பிறந்தது. மாமியார் பிடுங்கவில்லை, கெடு வைத்தது யாரோ என்பது போல நடமாடினார்.

கடைச் சாமான்கள் வண்டியேறிய காலையில் புது இலை ஒன்று சுருள் பிரிந்தது. ஓரம் பச்சை, நடுவில் சிவப்பு. பாதிக் கோபம் மாதிரி. டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா இலையைத் தொட்டார், என் கன்னத்தைத் தொட்டார், ஏறி உட்கார்ந்தார். திரும்பி வந்து டின்னை வாசலில் வைத்துவிட்டு மறுபடி தெருவில் இறங்கி நின்றேன். வண்டி நகர்ந்தது. அழுகை வரும்போல இருந்தது.

அப்போது அக்கா என் தலைக்கு மேலாக எங்கள் வாசலைப் பார்த்து, பாதித் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்:

"பெரியம்மா! அந்தக் கூடையக் கீழ வையுங்க!"