மாப்பிள்ளைக் கப்பலின் தண்ணீர்

என் அக்கா வீட்டுக்காரரைத் துறைமுகத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. தண்ணிப் போலீஸ் என்றால்தான் தெரியும். சரக்கில்லாமல் வரும் கப்பல் ஆட்டம் காணாமலிருக்க அடிவயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வரும். இங்கே சரக்கு ஏற்றும்போது அதைத் திறந்துவிடும். எங்கோ பிறந்த புழுவும் பூச்சியும் சிப்பிக்குஞ்சும் அந்தத் தண்ணீரோடு வந்து நம் கடலில் குடியேறிவிடக் கூடாது என்று சோதிப்பதுதான் அத்தானின் வேலை. அவரைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் விடும் படகை ஓட்டுகிறவன் நான். ஆக, வீட்டிலும் அவர், வேலையிலும் அவர். என் தலையெழுத்து.

கப்பலில் ஒரு வாய்க் காப்பி குடிக்க மாட்டார். சரி, அது நேர்மை. ஆனால் அக்கா மீன் தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றப் போனால்கூட, "அதுல என்னென்ன உயிர் இருக்குன்னு தெரியுமா?" என்று வாசலில் வழிமறிப்பவரை என்ன செய்வது? பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைக் கேளுங்கள். வந்த பையன் கப்பல் இன்ஜினியர். மற்றவர்கள் சம்பளம், குடும்பம் என்று விசாரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும், "தம்பி, உங்க கப்பல்ல கக்கூஸ் தண்ணிய எங்க திறந்து விடுறீங்க?" என்று கேட்டார்.

பையனுக்குப் பலகாரம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. "கரையிலேருந்து ரொம்பத் தள்ளிப் போய்த்தான் மாமா," என்றான்.

"சுத்திகரிச்சுத்தானே?"

"சுத்திகரிச்சுத்தான்."

அதோடு சம்மதம் சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் மாப்பிள்ளையின் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. தண்ணீர் சோதனையில் தேறினால்தான் கப்பல் உள்ளே வர முடியும். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் மாப்பிள்ளையின் பொறுப்பு என்பதால், வேலை முடியாமல் அவனும் இறங்க முடியாது. அத்தான் மேலதிகாரியிடம் போய், "வரப்போற மாப்பிள்ளையோட கப்பல் சார், வேற ஆளை அனுப்புங்க," என்றார். வேறு ஆளுக்கோ முதுகுப் பிடிப்பு. "உங்களைப் பத்தி எல்லாருக்கும் தெரியும், போயிட்டு வாங்க," என்று அனுப்பிவிட்டார்கள்.

படகு கிளம்பியதிலிருந்து அக்காவின் போன் ஓயவில்லை. "மண்டபத்துல சமையலுக்கு ஆள் வந்தாச்சு. கையெழுத்தைப் போட்டுட்டுப் பையனைக் கூட்டிட்டு வாங்க. அங்க போய் உங்க புத்தியைக் காட்டாதீங்க."

"சரி," என்றார் அத்தான். வேலை விஷயத்தில் அவர் அக்காவுக்குச் சரி சொல்லி நான் கேட்டதே இல்லை.

மேலே ஏறினால், மாப்பிள்ளை புதிதாக முடி வெட்டி, இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கிறான். அத்தான் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்தார். கொண்டுபோன நுண்ணோக்கியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். ஒரு பூச்சி இல்லை, பொட்டு அசைவு இல்லை. "இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்லப்பா," என்றார், முகமெல்லாம் பல்லாக.

வழக்கமாக இதற்குப் பிறகு இன்னொரு சோதனை உண்டு. பூச்சிகளைக் கொல்லப் போட்ட குளோரின் தண்ணீரில் மிச்சமிருக்கிறதா என்று, சின்னக் குப்பியில் பொடி தூவிப் பார்ப்பார்; இருந்தால் தண்ணீர் சிவக்கும். மிச்சமிருந்தால் அது நம் மீனையும் கொல்லும். அன்றைக்கு அந்தப் பெட்டியை அவர் தொடவே இல்லை. நேராகப் பேனாவை எடுத்தார். நான் கடலை வேடிக்கை பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். யார் பெற்ற மீனோ, எனக்கென்ன? எனக்கு அக்கா மகள் கல்யாணம் நடக்க வேண்டும்.

"மாமா," என்றான் மாப்பிள்ளை. "குளோரின் பாக்கலையே."

"பாக்கணுமா?"

"பாத்துடுங்க. நீங்கதான் சோதிக்க வருவீங்கங்கிற பயத்துல ரெண்டு மடங்கு போட்டுட்டேன். ஒரு பூச்சிகூட உங்க கண்ணுல படக் கூடாதுன்னு. அதை முறிக்கிற மருந்து கப்பல்ல அவ்வளவு இல்ல."

அவனைத் தூக்கிக் கடலில் போடலாம் போல் இருந்தது எனக்கு. அடப்பாவி, அவரே விட்டுவிட்டார், உனக்கென்ன வந்தது?

அத்தான் பெட்டியைத் திறந்தார். பொடி விழுந்ததும் குப்பித் தண்ணீர் செக்கச் செவேலென்று ஆனது. குளோரின் தானாக அடங்கும்வரை கப்பல் வெளியிலேயே நிற்க வேண்டும் என்று எழுதினார். முடித்துவிட்டு, பையனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு பண்ணப் போனேன்யா," என்றார். "வெக்கமா இருக்கு."

படகில் இறங்கி உட்கார்ந்ததும் போன் அடித்தது. அக்கா பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை. "பையன் வர்றானா?"

"வருவான். அடுத்த வாரம்."

அதன்பிறகு அக்கா சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. சமையல்காரரில் ஆரம்பித்து, அத்தானைப் பெற்றவர்கள்வரை போய்த் திரும்பினாள். மூச்சு வாங்க அவள் நிறுத்திய இடத்தில் போன் கை மாறியது. மணப்பெண் பேசினாள்; அவளுக்கும் அம்மாவின் குரல்தான்.

"அப்பா, நீங்கதான் கப்பலை நிறுத்தினீங்களா?"

"இல்லம்மா," என்றார் அத்தான். "நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடத்தான் போனேன். அவன்தான் தடுத்தான்."

நான் படகைக் கரைப் பக்கம் திருப்பினேன்.

"அப்போ எத்தனை நாள் ஆனாலும் பரவால்லன்னு அவர்கிட்ட சொல்லுங்கப்பா," என்றாள் அவள்.